வாலாட்டிய காரும் தாய்மாமன் மடியும்

என் மகன் அந்தச் சிவப்புக் காரை ஆனையூரில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, நான் முதலில் கேட்டது "மிச்சம் எங்கடா?" என்றுதான்.

பாதிக் கார்தான் வந்திருந்தது. மொத்தமே இரண்டு கதவு. கூரை என் இடுப்பு உயரம். முன்னால் மூக்கு மட்டும் நீண்டு கிடந்தது. பின்னால் ஒரு சீட்டு இருப்பதாக அவன் சத்தியம் செய்தான். அதில் எங்கள் வீட்டுக் குக்கரை உட்கார வைத்தால் அதற்கே முட்டி இடிக்கும்.

"இது ஸ்போர்ட்ஸ் கார்ம்மா. மதுரையிலயே ஒண்ணோ ரெண்டோதான் இருக்கு."

"அப்ப ரெண்டு நாள் விளையாண்டுட்டுக் கொண்டுபோய்க் குடுத்துரு. நாளைக்கு நாம போறது காதுகுத்துக்கு."

இதை நான் ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் வயிறு எரிகிறது. இன்றைக்கு எரிச்சலையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் மகளின் கல்யாணத்துக்கு இவன் வரவில்லை. இவன் வேலைக்குப் போயிருந்தது ஒரு குளிர் தேசம். அங்கே பனி கொட்டி விமானம் கிளம்பவில்லை என்றான். நமக்குத் தெரிந்த பனி மார்கழியில் மூக்கை ஒழுக வைக்கும், அவ்வளவுதான். அங்கே முழங்கால் உயரத்துக்கு விழுமாம். விழட்டும். ஆனால் மணவறையில் அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் என் கொழுந்தன் மகன் நின்றான். அதைச் சம்பந்தியம்மாள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து என் மகளிடம் வாரத்துக்கு ஒருமுறை கேட்பாள்: "ஒங்கண்ணன் நெசமாவே இருக்கானா, இல்ல போட்டோவுல மட்டுந்தானா?"

போட்டோ நிறைய இருந்தது. எல்லாவற்றிலும் பனிக்கு நடுவே ஒரு காரில் சாய்ந்துகொண்டு நிற்பான்.

பேத்தி பிறந்தாள். காது குத்தினால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இவனுக்கு லீவு கிடைக்கட்டும் என்று என் மகள் மாமியாரிடம் கெஞ்சி ஒன்றரை வருஷம் தள்ளிப் போட்டாள். கடைசியில் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். சோழவந்தானுக்கு அந்தப் பக்கம், வயலுக்கு நடுவே அவர்கள் குலசாமி கோயிலில். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் குத்தியாக வேண்டும். "நேரத்துக்கு ஒங்கண்ணன் வரலேன்னா என் தம்பி மடி இருக்கு" என்று சம்பந்தியம்மாள் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள்.

மகள் போனில் அண்ணனிடம் அழுதாள். "அண்ணே, இதுக்கும் நீ வரலேன்னா நான் இந்த வீட்ல வாய் தொறக்கவே முடியாது. எம்புட்டுப் பேச்சுண்ணே கேக்குறது!"

"வாரேன்த்தா. ஊரே பாக்குற மாதிரி வாரேன் பாரு" என்றான்.

ஊரே பார்க்கிற மாதிரி வருவதற்குத்தான் இந்தக் கார். இவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த பையனுடையது. சௌராஷ்டிரக் குடும்பம், பட்டுப்புடவைக் கடை. அந்தப் பிள்ளை பொறுப்பானவன். காரைப் போர்வை போர்த்தி ஷெட்டில் வைத்திருப்பான், வெயில் நாளில் மட்டும் எடுப்பான். காரோடு எங்கள் வீடு வரை வந்தவன், சாவியைக் கொடுக்கும்போதே என் முன்னால்தான் சொன்னான்:

"மாப்ள, மழையில பாத்து ஓட்டு. இது பின்வீல் தள்ளுற வண்டி. முன்பக்கம்தான் கனம், பின்னால ஒண்ணுமே இல்ல. மிதிச்சேன்னா வால் சுத்திரும்."

"நான் பனியிலயே இந்த மாதிரி வண்டி ஓட்டுனவன்டா. மழை என்னடா மழை!"

பனியில் எப்படி ஓட்டினான் என்பது எனக்குத் தெரியும். போன வருஷம் போனில் அவனே பெருமையாகச் சொன்னான். பின்வீல் தள்ளுகிற காரைப் பனியில் வெறுமனே எடுக்க முடியாதாம். டிக்கியில் இரண்டு மணல் மூட்டையைப் போட்டு அமுக்கினால்தான் டயர் தரையைப் பிடிக்குமாம். அதைக் கேட்டு நான் சிரித்தேன். இதைக் கண்டுபிடிக்கவா விமானம் ஏறிப் போனாய்?

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். ஆனால் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, கட்டுகளோடு லோடு வண்டியின் பின்னால் உட்கார்ந்து சோழவந்தானிலிருந்து மதுரை மார்க்கெட்டுக்குப் போய் வந்தது பல வருஷம். போகும்போது பாரம் இருக்கும், வண்டி சாதுவாகப் போகும். திரும்பும்போது காலி. மழை பெய்திருந்தால் பின்பக்கம் நாய் வாலாட்டுவதுபோல ஆட்டும். டிரைவர் அண்ணன் தலையை வெளியே நீட்டிக் கத்துவார்: "எல்லாரும் பின்னால போய் நெருங்கி உக்காருங்கத்தா!" நாங்கள் ஆறு பொம்பளைகளும் பின்சக்கரத்துக்கு மேலே போய் உட்காருவோம். வண்டி அடங்கிவிடும். எங்கள் உடம்புக்கு அன்றைக்குத்தான் ஒரு மரியாதை கிடைக்கும்.

ஆகவே முந்தின நாள் சாயங்காலமே நான் ஒரு காரியம் செய்தேன். மழை பிடித்திருந்தது. சீருக்கு வாங்கிய அரிசி மூட்டையை அந்தக் காரின் டிக்கியில் கொண்டுபோய் வைத்தேன். உள்ளே இருந்த ஸ்பீக்கர் பெட்டிக்கும் ஓரத்துக்கும் நடுவே திணித்தேன்.

அதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"சீரைப் பிச்சுப் பிச்சுக் கொண்டுபோவாகளா? எல்லாம் ஒரே வண்டியில மொத்தமா முன்னால எறங்கணும். அரிசி இதுல, பழம் அதுலன்னா அவுகளுக்குக் குறைச்சலாத் தெரியும்."

"தாய்மாமன் மூட்டையோட வந்து எறங்குனா நல்லாவாம்மா இருக்கும்?" என்றான் மகன். "பெயிண்ட் வேற கீறிரும்."

"மழை பேயுதுடா. பின்னால பாரம் வேணும்" என்றேன்.

"தார் ரோடும்மா!"

நான் விட்டிருக்கக் கூடாது. விட்டேன். ஏன் என்றால் சம்பந்தியம்மாள் அந்தச் சீர்க்குவியலைப் பார்க்கும்போது அவள் முகம் போகிற போக்கை நானும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு மூட்டை குறைந்தால் குவியல் ஒரு சாண் இறங்கிவிடுமே. என் கையாலேயே மூட்டையை எடுத்து லோடு வண்டியில் ஏற்றினேன். இந்தக் கதையில் என் மேலேயும் எனக்குக் கோபம் உண்டு. அது இந்த மூட்டைக்காகத்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் லோடு வண்டி கிளம்பிவிட்டது. அரிசி, வாழைத்தார், தட்டு, கிடா, என் வீட்டுக்காரர் எல்லாம் அதில் போனார்கள். தாய்மாமன் கிளம்பவில்லை. தாய்மாமன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். கொட்டுகிற மழையில் நின்று, காரை, துணி வைத்து, துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம்.

"ஏய்யா, மழை கழுவுது, நீ தொடைக்கிற. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. மணி எட்டேகால்."

"அர மணி நேரத்துல போயிருவேம்மா. வண்டிய நீ என்னன்னு நெனச்ச!"

நான் அந்தக் காருக்குள் ஏறவில்லை, இறங்கினேன். கிணற்றுக்குள் இறங்குவதுபோல. காலை நீட்டி உட்கார்ந்தால் ரோடு என் முட்டிக்கு நேராகத் தெரிந்தது. பக்கத்தில் போன ஆட்டோக்காரர் மேலேயிருந்து குனிந்து பார்த்து, "என்னத்தா, தரையில உக்காந்து போறீக?" என்றார். இவன் அதற்காக வேகத்தைக் கூட்டினான்.

கூடல் நகர் தாண்டி ஒரு வளைவில் முதல் ஆட்டம் வந்தது. முன்சக்கரம் வளைந்தது, பின்பக்கம் தனக்குத் தோன்றிய வழியில் போனது. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் எதிரே பால்காரர் ஒருவர் சைக்கிளோடு ஓரத்துப் புதரில் நின்றுகொண்டிருந்தார்.

"வண்டி ஓட்டுறியா, பம்பரம் விடுறியா?" என்று கத்தினார்.

நியாயமான கேள்வி. ஆனால் இவன் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். "பாத்தியாம்மா, வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டீரிங்க ஒடிக்கணும். பதறிப் பிரேக்க மிதிக்கக் கூடாது. பனியில இதுதான் முறை."

"பனியில மணல் மூட்டை போட்டேன்னு சொன்னியே, அது எந்த முறை?"

அந்த நேரம் பார்த்து வைப்பர் சத்தம் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

சோழவந்தானுக்கு முன்னால் ரயில்வே கேட் சாத்திக் கிடந்தது. கால் மணி நேரம் போனது. ஊரைத் தாண்டி வாய்க்கால் கரைக்குத் திரும்பியபோது மணி ஒன்பதரை. கோயில் ஆலமரம் கண்ணுக்குத் தெரிந்தது. கொட்டுச் சத்தம்கூடக் கேட்டது. ஒரு மைல் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தார் அங்கே முடிந்துவிட்டது. அதற்குமேல் களிமண். எங்கள் பக்கத்துக் களிமண் மழையில் நனைந்தால் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். வெறுங்காலில் நடந்தாலே பெருவிரலை ஊன்றித்தான் நடக்க வேண்டும்.

"நிப்பாட்டு. எறங்கி நடப்போம்" என்றேன். "சேத்துல நடந்தா அர மணி நேரம். பத்து மணிக்குக் கோயில்ல இருக்கலாம்."

"நடந்தா? தாய்மாமன் நடந்தா வாரது? அப்ப இந்தக் கார எதுக்கும்மா வாங்கிட்டு வந்தேன்?"

மிதித்தான்.

ஒரு தென்னை மரம் போனது, இரண்டாவது போனது, மூன்றாவது தென்னை மரம் எங்களை நோக்கி வந்தது. இவன் ஸ்டீரிங்கை ஒடித்தான். வால் சுற்றியது. நின்று பார்த்தால் கார் மதுரையைப் பார்த்து நிற்கிறது. கோயில் எனக்கு முதுகுப்பக்கம். காருக்கே வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றிவிட்டது போல.

நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மிதித்தான். முன்சக்கரம் பேசாமல் நின்றது. பின்சக்கரம் இரண்டும் ஆட்டுக்கல் மாதிரிச் சுற்றி மண்ணை அரைத்தன. அரைத்த மாவெல்லாம் பின்னால் ஆளுயரத்துக்குப் பறந்தது. கார் முன்னால் போகவில்லை, கீழே போனது. கடைசியில் வயிறு மண்ணில் படிந்து உட்கார்ந்துகொண்டது.

இவன் வெள்ளை ஷூவோடு இறங்கினான். ஒரு கால் போனது, ஷூ வரவில்லை.

அப்போது என் போன் அடித்தது. மகள்.

"எங்கம்மா இருக்கீக? அத்தை அவுக தம்பியப் பலகையில உக்காரச் சொல்லிட்டாக. ஆசாரி கம்பிய எடுத்து வச்சுட்டாரும்மா. எல்லாரும் என்னையவே பாக்குறாக."

"ஒங்கண்ணன் இருக்கான். போட்டோவுல இல்ல, நேர்லயே இருக்கான். சேத்துல இருக்கான்."

"அம்மா, வெளையாடாத!"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் யோசித்தேன். "பிள்ளைக்குப் பசிக்குதுன்னு சொல்லு. மறைவாப் போய் உக்காந்து பால் குடு. பால் குடிக்கிற பிள்ளைய எந்த மாமியாளும் பிடுங்க மாட்டா."

"எம்புட்டு நேரம்மா குடுக்குறது?"

"அவ குடிக்கலேன்னாலும் முந்தானைய மூடிக்கிட்டு உக்காரு. உள்ள வந்தா பாக்கப் போறாக?"

கரைக்குக் கீழே வயலில் ஐந்து பொம்பளைகள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நேரமும் வேலையை விட்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பெரியவள் ஒருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏக்கா, இதென்ன, காரா? நசுங்கிப் போச்சா, இல்ல வாங்கும்போதே இப்படித்தானா?"

"வாங்கல தாயி, எரவல். நசுங்கப் போறது என் மகதான்" என்று விஷயத்தைச் சொன்னேன். காதுகுத்து என்றதும் அவர்கள் சிரிப்பு நின்றுவிட்டது. தாய்மாமன் மடி என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஐந்து பேரும் கரையேறி வந்தார்கள். வைக்கோலை அள்ளிச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள், தள்ளிக் காரைக் கோயில் பக்கம் திருப்பினார்கள். இவன் உள்ளே போய் மிதித்தான். சக்கரம் வைக்கோலையும் சேர்த்து அரைத்துத் துப்பியது. பெரியவளின் முகத்தில் பாதி அப்பிக்கொண்டது.

"ஏ மாப்ள, பூசுறதுன்னா மஞ்சளப் பூசு, சேத்தப் பூசாத!"

நான் சொன்னேன்: "தள்ளுனாப் போகாது தாயி. மேல ஏறி உக்காருங்க. அஞ்சு பேரும் பின்னால ஏறுங்க."

இவன் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்தான். "ஐயோ அக்கா, வேணாம், வேணாம்! டிக்கி நசுங்கிரும்! அது அடுத்தவன் காரும்மா, பெயிண்ட் மட்டும்..."

எனக்கு அதுவரை பொறுத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "பெயிண்டா? ஒந்தங்கச்சி அங்க பிள்ளைய மாருல ஒளிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ஒனக்குப் பெயிண்டா? கல்யாணத்தன்னைக்கும் பனி, இன்னைக்கும் பெயிண்டா? மூட்டைய வச்சேன், எடுக்க வச்ச. நடப்போம்னேன், மாட்டேன்ன. இப்ப இவுகளையும் வேணாங்குற. வாய மூடிக்கிட்டு உள்ள போய் உக்காரு!"

நடவுப் பொம்பளைகள் அவனைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு ஏறினார்கள். ஐந்து பேரும் சேற்றுப் புடவையோடு அந்தச் சிவப்பு டிக்கியின் மேலே நெருங்கி உட்கார்ந்தார்கள். கார் ஒரு முறை முனகியது. சக்கரம் தரையைக் கவ்வியது. நகர்ந்துவிட்டது.

"மெல்ல மிதி மாப்ள, கீழ விழுந்தா எங்க வீட்டுக்காரக ஒன்னையக் கேப்பாக!" என்று ஒருத்தி கத்தினாள்.

அப்படியே ஊர்ந்து போனோம். மாட்டுவண்டி எங்களை முந்தியிருக்கும், அன்றைக்கு ஒன்றும் வரவில்லை என்பதால் முந்தவில்லை. பாதி வழியில் மறுபடி போன். இந்தத் தடவை மகள் அழவில்லை. மெதுவாகப் பேசினாள்.

"மணி பத்தே காலாச்சும்மா. அத்தையே உள்ள வந்து பிள்ளைய வாங்கிட்டுப் போயிட்டாக."

நாங்கள் ஆலமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரே பார்த்தது. அவன் சொன்னபடியே. சிவப்புக் கார் களிமண் கட்டி மாதிரி வந்து நின்றது, பின்னாலிருந்து ஐந்து பொம்பளைகள் குதித்தார்கள், முன்னாலிருந்து தாய்மாமன் ஒற்றை ஷூவோடு இறங்கினான். கொட்டு அடிப்பவர் அடியை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் பேத்தியின் அழுகை கேட்டது.

வலது காது முடிந்திருந்தது. சம்பந்தியம்மாளின் தம்பி மடியில்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். என் மகள் நிற்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்த மனிதர் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள். ஆசாரி கம்பியோடு வாயைத் திறந்தபடி இருந்தார்.

"என்னடி இது, பாதியில?" என்றாள் மாமியார்.

"ஒரு காது ஒங்க வீட்டு ஆளு மடியில ஆச்சு அத்தை. இன்னொண்ணு எங்க வீட்டு ஆளு மடியில ஆகட்டும். எங்கண்ணன் வந்துட்டாரு."

அவள் அந்த வீட்டில் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பூசாரி மணியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நிமிஷம் இருக்கு, வெரசா" என்றார்.

இவன் சேற்றோடு பலகையில் உட்கார்ந்தான். பேத்தியைப் பட்டுப்பாவாடையோடு அந்தச் சேற்று மடியில் வைத்தார்கள். அவள் தலையைத் திருப்பி இவனைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்தே இராத ஆள், முகமெல்லாம் மண். கத்தினாள் பாருங்கள், ஆலமரத்துக் காக்கைகளெல்லாம் எழும்பிவிட்டன. உதறினாள், நெளிந்தாள். ஆசாரி நேரம் போகிறதே என்ற அவசரத்தில் குத்திவிட்டார்.

நடவு நட்ட ஐந்து பேருக்கும் முதல் பந்தியில் இலை போட்டோம். பரிமாறியது என் மகள்தான். அண்ணனிடம் அன்று முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இவன் என்னிடம் வந்து, "எப்படியோ நேரத்துக்கு வந்துட்டோம்லம்மா" என்றான். நான் சாம்பார் வாளியைக் கையில் வைத்திருந்தேன். அதை அவன் தலையில் கவிழ்க்காமல் விட்டதற்கு இன்றுவரை யாரும் என்னைப் பாராட்டவில்லை.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வலது காதில் தோடு நடுவில் நிற்கும். இடது காதில் துளை ஒரு நெல்மணி அளவுக்கு மேலே ஏறியிருக்கிறது. எந்தக் கம்மல் போட்டாலும் ஒரு பக்கம் ஏறித்தான் தொங்கும். விசேஷ வீடுகளில் சம்பந்தியம்மாள் அவளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்துவாள். இரண்டு காதையும் மாறி மாறித் தொட்டு என்னிடம் காட்டுவாள்.

"பாருங்க மதினி, என் தம்பி மடியில குத்துனது எம்புட்டு நேரா இருக்கு."

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் என்று எனக்கு ஊரில் பெயர். இதற்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. நேராகத்தானே இருக்கிறது.